நாடு மாறும் குடும்பங்கள், வீட்டில் நிற்கும் பூனைகள்: நான்கு மாத விதியும் 50 ரூபாய் அபராதமும்

மும்பை: வெளிநாட்டில் வேலையோ ஆய்வுப் பணியோ கிடைத்தால், விசாவும் விமானச் சீட்டும் பெற்று ஓரிரு மாதங்களில் ஒரு குடும்பம் புறப்பட்டுவிட முடிகிறது. அதே வீட்டில் வளரும் பூனை ஐரோப்பாவுக்குள் நுழைய, ஏற்பாடுகளைத் தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது நான்கு மாதங்கள் தேவை. மனிதரின் பயணத்துக்கும் பூனையின் பயணத்துக்கும் இடையிலான இந்தக் கால இடைவெளியில்தான், பூனை உடன் செல்லுமா, வேறு வீடு சேருமா, தெருவில் விடப்படுமா என்பது முடிவாகிறது.

மும்பை டிராம்பே பகுதியில், பாபா அணு ஆராய்ச்சி மையப் பணியாளர்கள் வாழும் அணுசக்தி நகர் போன்ற குடியிருப்புகளில் இக்கேள்வி கூடுதல் கனம் பெறுகிறது. அங்கு வீடு என்பது பணியுடன் வந்து பணியுடன் போவது. ஓய்வு பெற்றாலோ, கல்பாக்கத்துக்கு மாற்றலானாலோ, ஆய்வுக்காக வெளிநாடு சென்றாலோ ஒரு நாள் வீட்டைக் காலி செய்தே ஆக வேண்டும். மாடிப்படியும் மரநிழலும் பழகிய பூனைக்கு அந்த நாள் முன்கூட்டித் தெரிவதில்லை.

உள்நாட்டுப் பயணம் எளிது

தமிழகம் திரும்பும் குடும்பத்துக்குச் சிக்கல் குறைவு. ரயிலில் குளிர்சாதன முதல் வகுப்பில் தனி அறையை முழுமையாக முன்பதிவு செய்தவர்கள் பூனையை உடன் அழைத்துச் செல்லலாம். ஆகாசா ஏர் நிறுவனம் 2022 நவம்பர் முதல் சிறிய செல்லப் பிராணிகளை விமானத்தின் பயணியர் பகுதியிலேயே அனுமதித்து வருகிறது. செலவு கூடலாம். ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

எல்லை தாண்டும்போது என்ன நடக்கிறது?

நாட்டின் எல்லையைக் கடக்கும்போது கணக்கு மாறுகிறது. உலகின் ரேபிஸ் மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில் நிகழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இதனால், குறைந்த நிபந்தனைகளுடன் பிராணிகளை அனுமதிக்க ஐரோப்பிய ஒன்றியம் வகுத்துள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இடம்பெறவில்லை.

அங்கு செல்லும் பூனைக்கு முதலில் மைக்ரோசிப் பொருத்த வேண்டும். அதன் பிறகே ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டும். இந்த வரிசை மாறினால் தடுப்பூசியை மீண்டும் போட நேரிடும். தடுப்பூசி போட்டுக் குறைந்தது 30 நாட்கள் கழித்து ரத்த மாதிரி எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்பாற்றல் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 பன்னாட்டு அலகுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மாதிரி எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

இந்தக் காத்திருப்புக்கு அறிவியல் காரணம் உண்டு. ரேபிஸ் கிருமி உடலுக்குள் சென்று அறிகுறி தென்படப் பொதுவாக இரண்டு முதல் மூன்று மாதங்கள் ஆகின்றன. மாதிரி எடுப்பதற்கு முன்பே தொற்றுக்கு ஆளாகியிருந்தால், இந்தக் காலத்துக்குள் அது வெளிப்படும் வாய்ப்பு அதிகம். கட்டணம் செலுத்தியோ, பரிந்துரை பெற்றோ இதைச் சுருக்க இயலாது.

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விதி

பிரிட்டனும் ஏறத்தாழ இதே காத்திருப்பைக் கோருகிறது. இந்தியாவிலிருந்து விமானத்தில் வரும் பூனை அங்கு சரக்காக மட்டுமே இறங்க முடியும். பயணியின் இருக்கைக்கு அடியில் வர அனுமதியில்லை.

ஆஸ்திரேலியாவின் விதிகள் இன்னும் கடுமையானவை. இந்தியாவிலிருந்து நேரடியாக அங்கு பூனையை அனுப்ப முடியாது. அந்நாடு ஏற்ற வேறொரு நாட்டின் வழியாகவே கொண்டுசெல்ல வேண்டும். ரத்த மாதிரி ஆய்வகத்தைச் சேர்ந்த நாளிலிருந்து 180 நாட்கள் கழிய வேண்டும். அதன் பிறகும் மெல்பர்ன் அருகே மிக்கல்ஹாமில் உள்ள அரசு மையத்தில் தனிமைப்படுத்தல் காத்திருக்கிறது.

அமெரிக்கா இதற்கு நேர்மாறானது. 2024 ஆகஸ்ட் 1 முதல் நாய்களுக்கான விதிகளை இறுக்கிய அந்நாட்டின் நோய்த் தடுப்பு மையம், பூனைகளுக்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்றைக் கட்டாயமாக்கவில்லை. எனினும் ஹவாய் போன்ற மாநிலங்களுக்குத் தனி விதிகள் உள்ளன. ஆகவே, நியூயார்க் சென்ற உறவினரின் அனுபவம் பெர்லின் செல்பவருக்கு வழிகாட்டாது.

இந்தியாவுக்குள் வருவதற்கும் வரம்புகள் உண்டு. மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் 2013 ஏப்ரல் சுற்றறிக்கையின்படி, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வெளிநாட்டில் வசித்துவிட்டு வசிப்பிடத்தை இந்தியாவுக்கு மாற்றுபவர், உடைமையாக இரண்டு செல்லப் பிராணிகள் வரை கொண்டுவரலாம். 2022ஆம் ஆண்டு உக்ரைன் போரின்போது நாய், பூனைகளைக் கைவிட மறுத்த இந்திய மாணவர்களுக்காக மத்திய அரசு ஒருமுறைத் தளர்வு அறிவித்தது. மனம் இருந்தால் விதி வளையும் என்பதை அது காட்டியது. ஆனால் அந்தத் தளர்வு தாயகம் திரும்புபவர்களுக்கானது. புறப்படுபவர்களைப் பொறுத்தவரை, முடிவு சேரும் நாட்டின் கையில் உள்ளது.

சட்டம் என்ன சொல்கிறது?

காலம் போதாமல் பூனையைக் குடியிருப்பு வளாகத்திலேயே விட்டுச் செல்வது சட்டப்படி குற்றமாகலாம். பசியாலோ தாகத்தாலோ துன்புறக்கூடிய நிலையில் தக்க காரணமின்றி ஒரு பிராணியைக் கைவிடுவதை, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு தண்டனைக்குரியதாக்குகிறது. ஆனால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை மட்டுமே. தண்டனையை உயர்த்தும் வரைவு மசோதாவை மத்திய அரசு 2022 நவம்பரில் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது.

எல்லை தாண்டப் பல மாதங்களும் பெருஞ்செலவும் கோரும் முறை ஒரு பக்கம். கைவிடுபவரிடம் 50 ரூபாய் கேட்கும் சட்டம் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே, பூனையின் வாழ்வு பெரும்பாலும் வளர்ப்பவரின் மனசாட்சியை மட்டுமே நம்பியிருக்கிறது.

புதிய வீடு தேடுவதும் பொறுப்பே

அழைத்துச் செல்ல இயலாத நிலையில், நல்ல வீடு ஒன்றைத் தேடித் தருவது கைவிடுதல் ஆகாது. அதற்கும் காலம் வேண்டும். பூனை ஆளோடு பழகுவது போலவே இடத்தோடும் பழகும் உயிர். புதிய வீட்டில் முதல் சில நாட்கள் ஒரே அறையில் வைத்து, பழைய துணியையும் வழக்கமான உணவையும் தந்து மெல்லப் பழக்க வேண்டும். உடனே வெளியே விட்டால், பழைய வீட்டைத் தேடிச் சாலையில் இறங்கிவிடும். ஒப்படைக்கும் முன் கருத்தடை செய்திருப்பதும், தடுப்பூசிப் பதிவேட்டைக் கையளிப்பதும் அவசியம். புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே ஒப்படைத்தால், பூனை ஒத்துப்போகாவிட்டால் வேறு வீடு பார்க்க அவகாசம் இருக்கும். விமான நிலையம் செல்லும் வழியில் ஒப்படைக்கப்படும் பூனைக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை.

வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே மைக்ரோசிப்பையும் தடுப்பூசியையும் முடித்து, உரிய இடைவெளியில் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது இதற்கு நடைமுறைத் தீர்வு. தடுப்பூசியை உரிய காலத்தில் தொடர்ந்து போட்டுவந்தால், ஒருமுறை பெற்ற பரிசோதனை முடிவு ஐரோப்பிய ஒன்றியத்தில் பிறகும் செல்லும். வேலை கிடைக்காமல் போனாலும் இழப்பில்லை. பூனைக்கு ரேபிஸ் பாதுகாப்பு மிஞ்சும். வேலை கிடைத்துவிட்டால், பூனையை என்ன செய்வது என்ற கேள்வியைப் பெட்டி கட்டும் கடைசி வாரத்தில் எழுப்ப வேண்டிய நிலை வராது.