கம்பெனியின் மானம், எங்கள் பெண்களின் உயிர்

பெயர் கெட்டுவிடும் என்று நடுங்குகிறார்கள் ஆயத்த ஆடை முதலாளிகள். யாருடைய பெயர்? விடியுமுன்னே சேரி முனையில் நின்று மில் வேனில் ஏறிப் போகிற பிள்ளைகளுக்குக் கெட்டுப்போவதற்கு எந்தப் பெயரை இவர்கள் மிச்சம் வைத்தார்கள்?

ஐரோப்பாவில் சட்டை விற்கிற கம்பெனிகளுக்குப் 'பொறுப்புள்ள சப்ளை செயின்' என்றொரு மந்திரம் கிடைத்திருக்கிறது. பஞ்சு நூலாகி, துணியாகி, சாயமேறி, தைத்துக் கப்பலேறும் வரை எங்கும் கொடுமையில்லை என்று சான்றிதழ் வாங்கி மாட்டிக்கொள்வார்கள். அதற்குத்தான் ஆடிட். ஆடிட் எப்படி நடக்கும் என்று எங்கள் ஊர்ப் பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்னைக்கு மட்டும் கக்கூஸ் சுத்தமா இருக்கும், குடிக்கத் தண்ணி வரும், சொல்ல வேண்டிய பதிலை முந்தின நாளே மனப்பாடம் பண்ண வைச்சிருப்பாங்க. சூப்பர்வைசர் பக்கத்துல நிக்க, எந்தப் பொண்ணு வாயைத் திறப்பா?

இந்தச் சான்றிதழின் லட்சணத்தைக் கராச்சியில் பார்த்தோம். 2012 செப்டம்பர் 11 அன்று அலி எண்டர்பிரைசஸ் ஆலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்ஏ 8000 என்ற சர்வதேசச் சான்றிதழ் கிடைத்திருந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் செத்தார்கள். அங்கிருந்த ஆலைகளிலும் ஆடிட் நடந்துதான் இருந்தது. காகிதம் கம்பெனியின் பெயரைக் காத்தது, கூரையைத் தாங்கவில்லை.

நம் மண்ணுக்கு வருவோம். சுமங்கலித் திட்டம் என்று மங்கலப் பெயர் சூட்டி, மூன்றாண்டு உழைப்புக்குக் கடைசியில் மொத்தப் பணம் என்று ஆசை காட்டி, மில் விடுதிகளில் அடைக்கப்பட்ட பெண்களில் கணிசமானோர் தலித்துகள். ஆடிட்காரன் தீயணைப்புக் கருவியை எண்ணுவான். மெஷினில் உட்கார்ந்திருப்பவள் எந்தச் சாதி, அவளை ஏசுகிறவன் எந்தச் சாதி என்று அவன் கேட்டதுண்டா?

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், எச் அண்ட் எம் கம்பெனிக்குத் துணி தைத்த ஆலையில் வேலை செய்த ஒரு தலித் இளம்பெண் கொல்லப்பட்டாள். கைதானவன் அவளுடைய சூப்பர்வைசர். பாலியல் கொடுமை அங்கே புதிதல்ல என்று மற்றப் பெண்களும் பேசத் தொடங்கினார்கள்.

இப்படிப் பெயர் நாறும்போது வெளிநாட்டுக் கம்பெனி வழக்கமாக என்ன செய்யும்? ஆர்டரை வேறு ஊருக்கு மாத்திக்கும். அதன் மானம் பிழைக்கும். பறிகொடுத்தவர்களே வேலையையும் இழப்பார்கள். ஆகவே கம்பெனியின் வெட்கத்தை நம்பிப் பயனில்லை. அந்த வெட்கத்துக்குக் கடிவாளம் போட வேண்டும்.

போட்டார்கள். பெண்கள் தலைமையில், பெரும்பாலும் தலித் பெண்களைக் கொண்ட தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தை வாங்கியது. ஆலை முதலாளியான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும், வாங்குகிற எச் அண்ட் எம்மும் கையெழுத்திட்டன. பிறகு கேப்பும் பிவிஎச்சும் வந்தன. பால்வழி வன்முறையோடு சாதிப் பாகுபாடும் அதில் எழுதப்பட்டது. தொழிலாளிகளிலிருந்தே கண்காணிப்பவர்கள் வந்தார்கள். ஆலை மீறினால் ஆர்டரில் கைவைக்க வேண்டிய கடமை கம்பெனிக்கு உண்டு என்றும் எழுதப்பட்டது. இதுதான் வித்தியாசம்: சான்றிதழை முதலாளி வாங்கினான், ஒப்பந்தத்தைத் தொழிலாளி வாங்கினாள்.

பன்னாட்டுக் கம்பெனியோடு கையெழுத்தா என்று முகம் சுளிக்கிற தோழர்கள் இருக்கிறார்கள். வர்க்கம் பேசுகிற அவர்களைக் கேட்கிறேன்: உங்கள் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் சாதி எத்தனையாவது? 1938இல் மன்மாட்டில் தாழ்த்தப்பட்ட ரயில்வேத் தொழிலாளர்கள் முன் நின்று பார்ப்பனியத்தையும் முதலாளியத்தையும் சேர்த்தே எதிரியென்றார் அம்பேத்கர். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் எத்தனை காலம்?

மாணவத் தோழர்களே, உங்கள் சட்டையின் கழுத்துப் பட்டையைப் புரட்டிப் பாருங்கள். கம்பெனியின் பெயர் இருக்கும். தைத்தவள் பெயர் இருக்காது. நூற்பாலை வரைக்கும் பட்டியலை வெளியிடச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் சாதியை எழுதச் சொல்லுங்கள். எங்கள் பெண்களின் சங்கம் கையெழுத்திடாத எந்த நற்சான்றும் செல்லாது என்று உரக்கச் சொல்லுங்கள்.