டார்க் சோல்ஸ்: அடிக்கும் முன் பச்சைக் கோட்டைப் பாருங்கள்!

2011-ல் வந்த ‘டார்க் சோல்ஸ்’ கேமைத் தொட்ட பலர், “இது அநியாயம்ப்பா” என்று முதல் நாளே மூடி வைத்துவிடுகிறார்கள். உண்மையில் பட்டனைப் போட்டு நசுக்குகிற அவசரம்தான் ஆளைக் கொல்கிறது.

சிவப்புக் கோடு உயிர். அதன் கீழே உள்ள பச்சைக் கோடு ஸ்டாமினா. வாள் வீச, உருள, ஓட, கேடயத்தில் அடி தாங்க... எல்லாச் செலவும் இதிலிருந்துதான். அது காலியான நேரத்தில் கேடயத்தில் அடி விழுந்தால் ஆள் தடுமாறி நிற்பார். அடுத்த அடி நேராக உடம்பில்! அதனால் இரண்டு வீச்சு, உடனே விலகல். கேடயத்தைத் தூக்கியே வைத்திருந்தாலும் பச்சைக் கோடு மெதுவாகத்தான் ஏறும். இடைவெளி கிடைத்தால் இறக்கிவிடுங்கள்.

கனமான கவசத்தின் மேல் புதியவர்களுக்கு ஏனோ அப்படியொரு ஆசை. சுமை, வரம்பில் பாதியைத் தாண்டினால் உருள்வது பூசணிக்காய் மாதிரிதான் இருக்கும். கால் பங்குக்குள் இருந்தால் சுறுசுறுப்பு. ஆரம்பத்தில் கவசத்தைக் கழற்றுவதே பல சமயம் பாதுகாப்பு (சொன்னால் யார் நம்புகிறார்கள்?).

பொறுமையாக ஆடச் சொல்லி கேமே பாடம் நடத்துகிறது. முதல் பெரிய பூதம் எதிரே குதிக்கும்போது கையில் இருப்பது வெறும் உடைந்த வாள். சண்டை போடக்கூடாது, இடப்பக்கக் கதவு வழியே ஓட வேண்டும். நல்ல ஆயுதம் கிடைத்தபின் மேலிருந்து அதன் தலையிலேயே குதித்துக் குத்தலாம்!