எந்த "ஷெல்" நல்லது?

"ஷெல்" என்றால் வெடி அல்ல. எழுத்தில் இடும் கட்டளையைக் கேட்டு, கம்ப்யூட்டரிடம் வேலை வாங்கும் புரோகிராம்.

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. பலவற்றில் "பாஸ் லினக்ஸ்" இருந்தது. அதில் உள்ள ஷெல் "பாஷ்". 1989-ல் பிறந்தது. காரியாபட்டி மாணவருக்கு அது தாராளமாகப் போதும்.

2005-ல் "பிஷ்" வந்தது. இரண்டு எழுத்து அடித்தாலே மிச்சத்தைக் காட்டும். கைக்குச் சுகம்தான்! வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் இலக்கணம் வேறு. அதில் எழுதிய ஸ்கிரிப்டை பாஷிடம் கொடுத்தால் பெரும்பாலும் பாதியில் நிற்கும்.

வேலைக்குச் சேரும் இடத்து லினக்ஸில் பாஷ்தான் அநேகமாக இருக்கும். ஆகவே ஸ்கிரிப்டுக்கு பாஷே சரி. எந்த ஷெல் என்பதை ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே குறிக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.