கால் இல்லாத பூச்சி

கூரியர் கட்டண உயர்வைப் பற்றி இந்த வாரம் திட்டித் தீர்ப்பதாக இருந்தேன். எழுதவும் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து அதே கூரியரில் தூண்டில் மீன்பிடிப்பு பற்றிய ஒரு பழைய புத்தகம் வந்து கோபத்தைக் கெடுத்துவிட்டது. ஃபிராங்க் சாயர் 1958-ல் எழுதிய ‘நிம்ஃப்ஸ் அண்ட் த ட்ரவுட்’. கட்டணம் எங்கும் ஓடிவிடாது, இருக்கட்டும்.

சாயர் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், நெதராவன் கிராமத்தருகே ஏவன் ஆற்றுக்குக் காவலாளியாக இருந்தவர். ராணுவ அதிகாரிகள் மீன்பிடிக்கும் ஆறு அது. களை வெட்டுவதும் சேறு அள்ளுவதும் அவர் வேலை. அப்படியே தண்ணீருக்குள் நடப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை எழுதச் சொல்லித் தூண்டியவர்களில் ஒருவர் சர் கிரிம்வுட் மியர்ஸ். நம் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர்!

இங்கிலாந்தின் தூண்டில் கனவான்களுக்கு நீர்மேல் மிதக்கும் செயற்கைப் பூச்சிதான் தர்மம். நீருக்குள் இருக்கும் இளம்பூச்சியான நிம்ஃபைப் போலக் கட்டிய ஸ்கூஸ் என்ற வக்கீலுக்கு எதிராக, 1938-ல் லண்டன் கிளப் ஒன்றில் விவாதமே நடத்தினார்கள். மீனைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். அது தின்பதில் பெரும்பங்கு நீருக்கடியில்தான்.

சாயரின் நிம்ஃபுக்கு நூலே கிடையாது. தலைமுடியைவிடச் சற்றே தடித்த செப்புக் கம்பிதான் நூல். பூச்சியை அமிழ்த்தும் எடையும் அதுவே. தூண்டில் முள்ளின் மேல் கம்பியைச் சுற்றி, மார்புப் பக்கம் சின்னத் திமில் வைக்க வேண்டும். ஃபெசன்ட் சேவலின் வால் இறகிலிருந்து நாலு இழை. நுனிகள் வாலாக நீட்டிக்கொண்டிருக்க, மீதியைக் கம்பியோடு முறுக்கி முன்னால் சுற்றினால் உடல். பிறகு இழைகளைத் திமில்மேல் முன்னும் பின்னுமாக மடித்துக் கட்டினால் இறக்கை உறை. முடிந்தது வேலை.

கால்? வைக்கவில்லை. பேட்டிஸ் வகை இளம்பூச்சி நீந்தும்போது கால்களை உடலோடு ஒட்டிக்கொள்கிறது என்று கண்டவர் அவர். இன்று கடையில் அவர் பூச்சியின் பெயரிலேயே விற்கிறார்கள்: தங்கமணித் தலை, ரப்பர் கால், போதாதென்று மினுமினுப்பு. ரவா உப்புமாவில் முந்திரி போடுவதைப் போலத்தான். முந்திரியையாவது தின்னலாம்.

பிடிக்கும் விதமும் எளிமைதான். மீனுக்கு மேல்புறம், நீரோட்டத்துக்கு எதிராக வீசி அமிழவிட வேண்டும். மீனை நெருங்கும் நேரம் கோலின் நுனியை மெல்லத் தூக்கினால், பூச்சி மேலே நீந்தித் தப்பப் பார்ப்பதுபோல் எழும்பும். வேண்டாம் என்றிருந்த ட்ரவுட் மீனும் சட்டென்று கவ்விவிடும். தூண்டில் நரம்பு ஒரு கணம் தயங்கினாலே சுண்டிவிட வேண்டும். மீன் துப்புவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளாது.

சாயரின் நண்பர் ஆலிவர் கைட் இன்னும் ஒரு படி போனார். இறகையும் விட்டுவிட்டு, முள்ளில் வெறும் கம்பித் திமிலோடு மீன் பிடித்துக் காட்டினார்.

ஆகவே அன்பர்களே, நீங்கள் வாங்கும் நிம்ஃபில் ரப்பர் கால் இருந்தால், வீசுவதற்கு முன் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள்.