சிசி மட்டும் போதுமா?

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வண்டியைப் பார்த்ததும் நம்ம பசங்க கேட்பது, "எத்தனை சிசி?" 2019-இல் வந்த அந்த வண்டி 199.6 சிசி. முன்சக்கரம் 21 அங்குலம், தரையிலிருந்து 220 மி.மீ. உயரம். மண் ரோட்டுக்கு அருமைதான், ஒத்துக்கிறேன். ஆனால் அந்த மண்ணுதான் இன்ஜினுக்கு எமன்! ஸ்டிக்கருக்குக் காசு செலவழிக்கும் அண்ணன்மார்கள் ஏர் ஃபில்டரைத் திறந்தே பார்ப்பதில்லை. அது கிழிந்திருந்தால் தூசி உள்ளே போய் பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். ஆயில் எரிந்து நீலப் புகை வரும். அப்புறம் இன்ஜினைப் பிரிக்கணும், ஆயிரக்கணக்கில் செலவு. கடனில் எடுத்த வண்டிக்கு இது தேவையா? தூசியில் ஓடினால் கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்னாடியே ஃபில்டரை மாத்தணும். செயினும் அப்படித்தான். சேற்றைத் துடைக்காமல் மேலேயே ஆயில் ஊற்றுகிறார்கள். அது ஆயில் இல்லீங்க, உப்புத்தாள்!