பம்பாய்க்கும் லண்டனுக்கும் எவ்வளவு தூரம்?

ஆகாய மார்க்கமாகச் சுமார் 4,500 மைல். இன்று விமானம் இடையில் எங்கும் இறங்காமல் ஏறக்குறைய 10 மணி நேரத்தில் கொண்டு சேர்த்துவிடுகிறது. அதில் ஒரு மணி தாமதமானாலும் பிரயாணிகளுக்கு வருகிற கோபத்தைக் கேட்க வேண்டாம்!

1888-ல் மோகன்தாஸ் காந்தி என்னும் மாணவர் அன்னை புத்லிபாயிடம் விடைபெற்றுச் சீமைக்குக் கப்பலேறினார். 1891-ல் பம்பாயில் வந்திறங்கிய பிறகே அன்னை காலமானதை அறிந்தார். தமையனார் செய்தியை வேண்டுமென்றே மறைத்திருந்தார். தெரிவித்திருந்தால்தான் என்ன? வாரக்கணக்கான கடல் குறுக்கே கிடந்ததே! 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்காக ஆகஸ்டு 29-ந் தேதி அவர் மறுபடி புறப்பட்டு, செப்டம்பர் 12-ந் தேதி லண்டன் சேர்ந்தார். சுயராஜ்யம் கேட்கப் போனவருக்கும் ஆங்கிலேயர் கப்பல்தான் கிடைத்தது.

1948 ஜூன் 8-ந் தேதி ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்ஸஸ்' பம்பாயில் கிளம்பி, கெய்ரோவிலும் ஜினீவாவிலும் இறங்கி, லண்டன் சென்றது. சுதந்திரம் கிடைத்து அப்போது பத்து மாதங்கூட நிறையவில்லை. அதை நினைக்க இன்றும் நமக்குப் பெருமிதமாகவே இருக்கிறது.

கோடையில் லண்டன் கடிகாரம் நம்முடையதற்கு 4½ மணி பின்தங்கி நிற்கும். ஆகவே நடுப்பகலில் இங்கே ஏறிய பிள்ளை அன்று மாலையே அங்கே இறங்கிவிடுகிறான். திரும்புகையில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று தள்ளிவிடுவதால் பிரயாணம் குறைகிறது. கடிகாரமோ அந்த 4½ மணியையும் திருப்பி வாங்கிக்கொள்கிறது. வீட்டில் விழித்திருக்கும் தாயார் இரண்டு கணக்கையும் சேர்த்தே போட வேண்டியிருக்கிறது.