பெண்ணையாற்றங்கரையில் நடக்கும் ஆராய்ச்சியில் ஊரும் கையெழுத்திட வேண்டும்

பல்கலைக்கழகங்களும் தொழில் நிறுவனங்களும் இணைந்து நடத்தும் பருவநிலை, தூய எரிசக்தி ஆராய்ச்சிகள் குறித்து, சோரியாங்குப்பம் வட்டார ஆற்றங்கரை ஊர்களின் விவசாயிகளும் ஆசிரியர்களும் மகளிர் குழுவினரும் கூடி எடுத்த நிலைப்பாடு

வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கி நிற்கும் வழிகளைப் பற்றியும் தூய எரிசக்தியைப் பற்றியும் பல்கலைக்கழகங்களும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சியை வரவேற்கிறோம். அது புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் நடக்க வேண்டும் என்று நாங்களே கேட்கிறோம். ஆனால் இங்கே போடப்படும் ஒப்பந்தத்துக்கு இரண்டு கையெழுத்து போதாது. மூன்றாவதாக ஊர் கையெழுத்திட வேண்டும். ஊரில் எடுத்த அளவுகள் ஊரார் பார்க்கும்படி இருக்க வேண்டும். பொருத்திய கருவியைப் பின்னாளில் பழுதுபார்க்கும் பணம் முதல் நாளே ஒதுக்கப்பட வேண்டும். இம்மூன்றும் இல்லாத ஒப்பந்தத்துக்கு எங்கள் ஊர்கள் இடம் தராது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பதற்கு 2024 டிசம்பரே காரணம். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. புயல் போய்விட்டது, இனி வடியும் என்று இருந்தபோதுதான் ஆறு வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டிய மழை பெண்ணையாற்றின் சாத்தனூர் அணைக்குள் பாய, டிசம்பர் 2 அதிகாலையில் அணையிலிருந்து வெளியேறிய நீர் நொடிக்கு 1,68,000 கன அடியைத் தொட்டது. சோரியாங்குப்பம், குருவிநத்தம், இருளஞ்சந்தை, கொமந்தான்மேடு, உச்சிமேடு என்று கரையோர ஊர்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கடலூர் சாலையில் போக்குவரத்து நின்றது. அரசு குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாயும், பயிருக்கு ஹெக்டேருக்கு 30,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது. அந்தப் பணம் உதவியாக இருந்ததை மறுக்கவில்லை. முன்கூட்டித் தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய மாடு கன்றுக்கும் விதைநெல்லுக்கும் பிள்ளைகளின் சான்றிதழ்களுக்கும் அது ஈடாகாது.

எச்சரிக்கை முறையாக விடுத்தோம் என்றது தமிழக அரசு. அந்தத் தர்க்கத்துக்குள் நாங்கள் போகவில்லை. எங்கள் கேள்வி வேறு. சாத்தனூருக்கும் எங்களுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆறு ஓடுகிறது. திருக்கோவிலூர், எல்லீஸ் சத்திரம், சொர்ணாவூர் என அணைக்கட்டுகள் வழியில் இருக்கின்றன. நடுவே பெய்யும் மழையும் ஆற்றில் சேர்கிறது. அணையில் மதகு திறந்த நேரத்துக்கும் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறும் நேரத்துக்கும் இடையில் பல மணி நேரம் இருக்கிறது. அவ்வளவு நேரம் கையில் இருந்தும் அது வீணாகிறது. ஏனென்றால் அறிவிப்பு கன அடிக் கணக்கில் வருகிறது. ஒரு லட்சம் கன அடி என்றால் மேலத்தெருவில் முழங்கால் அளவா, இடுப்பளவா என்று யாரும் சொல்வதில்லை. இரவு இரண்டு மணிக்கு ஒரு குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியது அது ஒன்றைத்தான். அணை ஒரு மாநிலத்திலும் நாங்கள் ஒரு யூனியன் பிரதேசத்திலும் இருக்கிறோம் என்பதால் செய்தி இரண்டு நிர்வாகங்களைக் கடந்து வந்து சேர்கிறது. 2021 நவம்பரிலும் இதே ஆறு பெருகி வந்தது. அடுத்தது எப்போது என்பதுதான் தெரியாது.

ஆகவே இங்கே ஆராய்ச்சி செய்ய விரும்புகிறவர்களுக்கு முதல் வேலையை நாங்களே கொடுக்கிறோம். அணையில் இத்தனை கன அடி திறந்தால், வழியில் இத்தனை மழை பெய்தால், எத்தனை மணிக்கு எந்தத் தெருவில் எவ்வளவு நீர் நிற்கும் என்று கணித்துச் சொல்லுங்கள். இது நடக்காத காரியம் அல்ல. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்காகத் தேசிய கடலோர ஆராய்ச்சி மையத்தோடு சென்னை, மும்பை ஐ.ஐ.டி.க்களும் அண்ணா பல்கலைக்கழகமும் சேர்ந்து சி-ஃப்ளோஸ் என்ற வெள்ள முன்னறிவிப்பு அமைப்பை உருவாக்கின. பெருநகருக்குச் செய்ய முடிந்ததைப் பெண்ணையாற்றின் கடைமடைக்கும் செய்ய முடியும். புதுவைப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில் இருக்கிறது. பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அருகிலேயே இருக்கிறது. பாலத்தின் அடியில் பொருத்தி நீர்மட்டத்தை ரேடார் அலையால் அளக்கும் கருவிகளைச் செய்யும் நிறுவனங்கள் நாட்டில் பல உண்டு. அவர்களிடம் இல்லாதது எங்களிடம் இருக்கிறது. கரை எந்த வளைவில் முதலில் உடையும், மலட்டாறு நிரம்பினால் தண்ணீர் எந்த வயல் வழியாகத் திரும்பும், பங்காரு வாய்க்காலில் எங்கே மண் மேடிட்டிருக்கிறது, மணல் அள்ளிய பள்ளத்தால் ஆற்றின் போக்கு எங்கே மாறியது என்பவற்றைச் செயற்கைக்கோள் படத்தைவிடத் துல்லியமாகச் சொல்லும் பெரியவர்கள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் போடும் கணக்கு தப்பும்.

ஊரைச் சேர்த்துக்கொண்ட ஆராய்ச்சி எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் மண்ணிலேயே முன்னுதாரணம் உண்டு. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. இணையம் எட்டாத காலத்தில் கம்பியில்லா வானொலி வழியாக ஊர்களை இணைத்தார்கள். மின்சாரம் நின்றாலும் வேலை நிற்காதபடி சூரியத் தகடுகளைப் பொருத்தினார்கள். கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம் நிதி தந்தது. எம்பலத்தில் கோயில் கட்டடத்திலேயே மையம் இயங்கியது. இடம் ஊர் தர வேண்டும், எந்தச் சாதியாரும் உள்ளே வரத் தடை இருக்கக் கூடாது, மையத்தை நடத்துவதில் பெண்களுக்குப் பங்கு வேண்டும் என்று நிறுவனம் ஊருக்கு நிபந்தனை போட்டது. தங்களுக்கு என்ன தகவல் தேவை என்று ஊர் நிறுவனத்துக்குச் சொன்னது. மீனவ ஊர்கள் அலையின் உயரத்தைக் கேட்டன, அது நாள்தோறும் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரிலிருந்த உறவினர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தபோது நல்லவாடு ஊரார் அதே ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களைக் கரையிலிருந்து வெளியேற்றினார்கள். சுனாமியில் அந்த ஊர் உயிர் பிழைத்தது. அந்தக் கருவி ஊரின் கையில் பழகியிருந்ததால்தான் அன்று கைகொடுத்தது. அலுவலகத்தில் பூட்டிக் கிடந்திருந்தால் கைகொடுத்திருக்காது.

ஒப்பந்தத்தில் ஊர் வேண்டும் என்று சொன்னால், ஊரின் சார்பில் யார் கையெழுத்திடுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு விடை இல்லாமல் போனது எங்கள் பிழை அல்ல. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 2006இல்தான் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன் பின் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்து எந்த ஊருக்கும் இல்லை. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தை அதிகாரிகள் நடத்துகிறார்கள். ஊரின் பெயரில் அதிகாரி போடும் கையெழுத்தை ஊரின் சம்மதமாக நாங்கள் ஏற்கவில்லை. தேர்தல் நடத்துங்கள் என்ற கோரிக்கை இந்த அறிக்கையோடும் சேர்ந்தே நிற்கிறது. அதுவரை, ஐரோப்பிய ஒன்றிய நிதியில் ஏரிகளைச் சீரமைத்தபோது ஊர்தோறும் உருவான ஏரிச் சங்கங்கள் போன்ற பாசன விவசாயிகளின் அமைப்புகளும் மகளிர் குழுக்களும் பொதுக்கூட்டத்தில் பேர் சொல்லித் தேர்ந்தெடுக்கும் குழு கையெழுத்திடலாம். நிலமில்லாத கூலித் தொழிலாளர்களும் ஆற்றோரக் குடியிருப்பு மக்களும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். வெள்ளத்தில் முதலில் முழுகுவது அவர்கள் வீடுதான்.

தூய எரிசக்தியில் எங்கள் அச்சத்தையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பாகூர் புதுவையின் நெற்களஞ்சியம். இங்கே சம்பாவும் நவரையும் சொர்ணவாரியும் போர் தண்ணீரை நம்பித்தான் நடக்கின்றன. கடலோரப் பக்கம் போரில் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. புதுச்சேரி வட்டாரத்தை அளவுக்கு மீறி நிலத்தடி நீர் எடுக்கும் பகுதியாக மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகள் குறித்தது உண்டு. இந்த நிலையில் வெயில் இருக்கும்வரை ஓசியில் ஓடும் மோட்டாரை வயல்தோறும் வைத்துவிட்டுப் போனால், தண்ணீர் கீழே போகும், உப்பு மேலே வரும். மோட்டார் விற்ற நிறுவனத்தின் கணக்கில் மட்டும் திட்டம் வெற்றி பெற்றிருக்கும்.

இதற்கும் வழி காட்டிய ஊர் ஒன்று உண்டு. குஜராத்தில் ஆனந்த் நகரை அடுத்த துண்டி என்ற கிராமத்தில் 2016இல் பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனமும் டாடா அறக்கட்டளையும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தின. விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். சூரிய மோட்டாருக்குத் தேவைப்பட்டது போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். தண்ணீரை வீணாக இறைப்பதைவிட மின்சாரத்தை விற்றால் வருமானம் என்று ஆனதும் இறைப்பைக் குறைக்க அவர்களுக்கே ஒரு காரணம் கிடைத்தது. மின்வாரியத்தோடு ஒப்பந்தம் போட்டது விவசாயிகளின் சங்கம். அந்தக் கையெழுத்துதான் மின்சாரம் விற்ற பணத்தை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது. 2018இல் குஜராத் அரசு இதையொட்டி மாநிலத் திட்டமே கொண்டுவந்தது. 2019இல் வந்த பி.எம்.-குசும் திட்டத்திலும் மின் இணைப்புள்ள மோட்டாருக்குச் சூரியத் தகடு வைத்து உபரியை விற்க வழி வைக்கப்பட்டது. ஆனால் மோட்டாருக்கு மின்கட்டணச் சுமையே இல்லாத எங்கள் ஊரில் என்ன விலை கொடுத்தால் ஒரு விவசாயி இறைப்பதை நிறுத்துவார்? உப்பேறிய போருக்கும் நல்ல போருக்கும் ஒரே விதி பொருந்துமா? குத்தகைக்குப் பயிரிடுபவருக்கு விற்ற பணம் சேருமா, நிலக்காரருக்குச் சேருமா? இவற்றுக்கு யாரிடமும் ஆயத்த விடை இல்லை. புதுவைப் பல்கலைக்கழகத்தின் மதன்ஜீத் சிங் பசுமை எரிசக்திப் பள்ளி எடுத்துச் செய்ய இதைவிடத் தகுந்த ஆய்வு இல்லை என்பது எங்கள் எண்ணம்.

பணம் எங்கிருந்து வரும் என்பதில் எங்களுக்குக் குழப்பம் இல்லை. 2023இல் இயற்றிய சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திட்டமிடப்பட்டது. அதில் பெரும்பகுதி தொழில் துறை உள்ளிட்ட தனியார் வழியாக வர வேண்டும் என்பது கணக்கு. அதாவது இனி இந்நாட்டில் எந்தக் கேள்வி ஆராயப்படும் என்பதில் நிறுவனங்களின் சொல் கூடும். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும், அதிலும் தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. எங்கள் கொம்யூன்களில் ஆலை வைத்திருக்கிறவர்கள் அந்த முன்னுரிமையை எங்கள் ஆற்றுக்குத் தரலாம்.

தனியார் பணத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய இடத்துச் செய்தி ஒன்று. 2007இல் பி.பி. எண்ணெய் நிறுவனம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் முதலியவற்றோடு பத்து ஆண்டுகளுக்கு 50 கோடி டாலர் தருவதாக ஒப்பந்தம் செய்தது. பயிர்க்கழிவிலிருந்து எரிபொருள் எடுப்பது போன்றவற்றைப் பற்றியது அந்த ஆய்வு. ஆராய்ச்சியின் திசையை நிறுவனம் தீர்மானித்துவிடும் என்று அங்கேயே ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள். பத்து ஆண்டு முடியும் முன்பே பி.பி. தன் நிதியைக் குறைத்துக்கொண்டது. பெர்க்லி அதைத் தாங்கும். பாதியில் விட்ட கருவியோடு நிற்கும் சோரியாங்குப்பம் தாங்காது. எனவேதான் பராமரிப்புப் பணத்தை முதலிலேயே தனிக் கணக்கில் வைக்கச் சொல்கிறோம். நிறுவனம் விலகினாலும் நீர்மட்ட அளவி ஓட வேண்டும்.

காப்புரிமை பற்றியும் ஒரு தெளிவு. கருவியின் வடிவமைப்புக்கும் மென்பொருளுக்கும் நிறுவனம் உரிமை கோரட்டும், எங்களுக்கு மறுப்பில்லை. ஆற்றின் நீர்மட்டமும் போரின் உப்பளவும் யாருடைய சொத்தும் அல்ல. அவை அளந்த நேரத்திலேயே தமிழில், பஞ்சாயத்து அலுவலகப் பலகையிலும் ஒலிபெருக்கியிலும் கைப்பேசியிலும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். கடலூர்ப் பக்கத்து ஊர்களுக்கும் அதே நேரத்தில் தெரிய வேண்டும். ஆறு ஒன்றுதான். ஆய்வேடு முடிந்ததும் அதை எழுதியவர் ஊருக்கு வந்து, என்ன கண்டோம் என்று பொதுக்கூட்டத்தில் சொல்ல வேண்டும். கேள்வித்தாளோடு வந்து வீடு வீடாகக் கணக்கெடுத்துப் போகும் மாணவர்களுக்கு மோர் கொடுத்து உட்காரவைத்துப் பதில் சொல்லியிருக்கிறோம். அந்தப் பதில்களில் இருந்து என்ன பிறந்தது என்று திரும்பி வந்து சொல்வது அரிதாகவே நடக்கிறது.

ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களின் வருவாய் கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. ஊர்களின் விளைச்சலில் ஒரு உயர்கல்விக் கூடம் நடந்த மண் இது. இன்றும் மத்தியப் பல்கலைக்கழகம் நடப்பது மக்கள் கட்டும் வரியில்தான். ஊரைக் கேட்டு ஆராய்ச்சி செய்யுங்கள் என்பதைச் சலுகையாகக் கேட்கவில்லை, உரிமையாகவே கேட்கிறோம்.

புதுச்சேரி அரசு, இரண்டு பல்கலைக்கழகங்கள், எங்கள் கொம்யூன்களில் இயங்கும் தொழில் நிறுவனங்கள், தமிழக நீர்வளத் துறை ஆகியோர் ஆடி மாதத்துக்குள் சோரியாங்குப்பத்தில் எங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். நீர்மட்ட அளவி பொருத்த இடம் காட்டுவோம். அதைக் காவல் காக்க ஆள் தருவோம். 2024 வெள்ளம் எந்த வீட்டுச் சுவரில் எவ்வளவு உயரம் ஏறியது என்பதைத் தெருத்தெருவாகக் குறித்துத் தருவோம். ஐப்பசி மழைக்கு முன் குறைந்தது சொர்ணாவூர் அணைக்கட்டிலும் எங்கள் ஆற்றங்கரையிலும் அளவிகள் ஓடத் தொடங்க வேண்டும். மற்ற ஆய்வுகளைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.